வட்டப் பொத்தான்

நான் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துச் செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடையில் வேலைக்குச் சேர்ந்திருந்த காலத்தில், மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்துக் கடைவரிசை ஒன்றின் மாடியில் பிளேஸ்டேஷன் 2 என்ற வீடியோ விளையாட்டுப் பெட்டியை வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்தது. மணிக்கு 2 வெள்ளி (ரிங்கிட்). எட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஆறில் எந்நேரமும் காற்பந்துதான் ஓடும். மூலையில், குளிரூட்டியிலிருந்து தண்ணீர் சொட்டும் வாளிக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியின் முன் மட்டும் ஒருவன் உட்கார்ந்து விளையாட, நான்கைந்து பேர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். மழை கொட்டும் நடுக்கடலில் ஒரு கப்பல், அதன் பலகைகளைப் பிளந்துகொண்டு எழும் பாம்புத்தலை, அதற்கு எதிரே உடம்பெல்லாம் சாம்பல் நிறமாக, இரண்டு கைகளிலும் சங்கிலியில் கோத்த கத்திகளைச் சுழற்றிக்கொண்டு நிற்கும் ஒரு மொட்டைத் தலையன். காசு கட்டி விளையாட வந்தவர்கள் தங்கள் நேரம் ஓடுவதையும் மறந்து எழுந்து வந்து வேடிக்கை பார்த்த விளையாட்டு, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

அந்த விளையாட்டான காட் ஆஃப் வார் 2005 மார்ச்சில் வெளிவந்தது. சோனியின் சாண்டா மோனிகா ஸ்டூடியோ உருவாக்கியது. இயக்கியவர் டேவிட் ஜாஃபி. வெட்டுக்குத்து விளையாட்டுகள் அதற்கு முன்பும் இருந்தன. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2001இலேயே டெவில் மே கிரையைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் தோட்டத்து ஆள்கள் அதிகம் புழங்கும் எங்கள் ஊரில், காற்பந்தைத் தவிர வேறு விளையாட்டைத் தொடாதவன்கூடப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிய வட்டு இதுதான். இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து விற்ற நகல் வட்டுதான்; அசல் வட்டின் அட்டைப்படம் எப்படி இருக்கும் என்பதையே நான் பல ஆண்டுகள் கழித்துத்தான் பார்த்தேன்.

அண்மையில், பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, அலமாரிக்கு மேல் கிடந்த பழைய பிளேஸ்டேஷன் பெட்டியை இறக்கித் தூசி தட்டி, அவனோடு சேர்ந்து அந்த விளையாட்டை மறுபடியும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஆடினேன். அந்த நாள்களின் இனிமையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அதில் மிஞ்சுவது என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் உட்கார்ந்தேன். நிறையவே மிஞ்சியது. ஆனால் எது நிற்கும் என்று நினைத்தேனோ அது நிற்கவில்லை.

முதலில் வெட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த விளையாட்டு வாழ்வதும் தாழ்வதும் அதில்தான். அந்த மொட்டைத் தலையன், நாயகன் கிரேட்டோஸின் கத்திகள் கையில் பிடித்தவை அல்ல. முன்கையில் சுற்றிப் பழுக்கக் காய்ச்சிப் பதித்த சங்கிலியின் நுனியில் ஆடுபவை. சதுரப் பொத்தானை அழுத்தினால் லேசான, விரைவான வீச்சு. முக்கோணத்தை அழுத்தினால் கனமான, மெதுவான வீச்சு. கை அசைவதற்கும் கத்தி போய்ச் சேர்வதற்கும் இடையில் சிறிய இடைவெளி ஒன்று இருக்கிறது. நுனியில் இருக்கும் எடை தன் வழியில் வளைந்து வந்து விழுகிறது. வெட்டு பட்ட அந்தக் கணத்தில் படம் இம்மியளவு தயங்குவதுபோல் தோன்றும், கையில் இருக்கும் கருவி அதிரும். இந்த மூன்றும் சேர்ந்துதான் ‘கனம்’ என்று நாம் உணர்வதைத் தருகின்றன. விளையாட்டில் எடை என்று ஒன்று கிடையாது. காலத்தாழ்வும் அதிர்வும்தான் எடையாக வேடம் போடுகின்றன. அந்த வேடம் இருபது ஆண்டுக்குப் பிறகும் கலையவில்லை.

இதை எனக்கு விளக்கியவர் என் அப்பா. அவர் முப்பது ஆண்டுக்கு மேல் செம்பனைக் குலை வெட்டியவர். நீண்ட கம்பின் முனையில் வளைந்த அரிவாளைக் கட்டி, தலைக்கு மேல் எட்டாத உயரத்தில் இருக்கும் மட்டையையும் குலையையும் அறுத்துத் தள்ளுவது அவர் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து நான் பழைய பெட்டி ஒன்றை வீட்டுக்கு வாங்கி வந்த முதல் வாரத்தில், சாயங்காலம் குளித்துவிட்டுத் துண்டோடு வந்து என் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இவன் கையால வெட்டலடா, இடுப்பால வெட்டுறான்,” என்றார். கம்பு நீளமாக நீளமாக வெட்டுவது கையின் வேலையாக இருப்பதில்லை, கொக்கியை மாட்டிவிட்டு உடம்பை இழுப்பதுதான் வேலை, எடையை எடையே இறக்கிக்கொள்ளும் என்று எனக்குச் சொன்னார். கிரேட்டோஸின் அசைவை வரைந்தவர்கள் தோள், இடுப்பு, பின்னங்கால் என்று வரிசையாகச் சுழலவிட்டு, கத்தியைக் கடைசியாக அனுப்பியிருக்கிறார்கள் என்பதை அதற்குப் பிறகுதான் நான் கவனித்துப் பார்த்தேன்.

இன்னும் அரைமணி நேரம் கழித்து அவரே ஒரு குறையையும் சொன்னார். “ஆயிரம் பேர வெட்டிட்டான், இன்னும் ஒருக்கா அரிவாளத் தீட்டலயே.” சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேலியில் விமரிசனம் இருந்தது. கிரேட்டோஸின் கத்தி மழுங்குவதே இல்லை. மாறாக, கொன்றவர்களிடமிருந்து பறந்து வரும் சிவப்பு உருண்டைகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஐந்து படிவரை கூர்மையேறுகிறது. வெட்ட வெட்டப் பலம் கூடும் உலகத்தில், வெட்டாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. எதை எப்படி வெட்டுவது என்று யோசிக்கவும் காரணமில்லை. சதுரம், சதுரம், முக்கோணம் என்ற ஒரே வரிசையை வைத்துக்கொண்டு கப்பலிலிருந்து ஏறத்தாழ இறுதிவரை போய்விடலாம், நான் அப்படித்தான் முதல்முறை போனேன். பட்டியலில் இன்னும் எத்தனையோ வீச்சுகள் இருந்தன, அவற்றை விளையாட்டு என்னிடம் கேட்கவே இல்லை. நடுவில் வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸ் கொடுக்கும் பெரிய வாளை ஆசையாக வாங்கி, நான்கு முறை வீசிப் பார்த்துவிட்டு, சங்கிலிக்கே திரும்பிவிட்டேன்.

அதே 2005இல் வந்த டெவில் மே கிரை 3 இதற்கு நேர் எதிர். அது ஒரே வீச்சைத் திரும்பத் திரும்பப் போட்டால் மதிப்பெண்ணைக் குறைத்து, நீ வென்றாய் ஆனால் அழகாக வெல்லவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். கடையில் அதை எடுத்தவர்கள் இரண்டாவது மணிக்குள் வட்டை மாற்றித் தரச்சொல்லி எழுந்துவிடுவார்கள். காட் ஆஃப் வார் எவனையும் விரட்டவில்லை. நாள் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு வந்து உட்கார்ந்தவனுக்கும் முதல் பத்து நிமிடத்தில் தான் ஒரு வீரன் என்ற மயக்கத்தைக் கொடுத்தது. அதைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கொடையின் விலை என்ன என்பது எட்டாவது மணி நேரத்தில் தெரியவந்தது: கைக்குக் கற்றுக்கொள்ள இனி ஒன்றும் இல்லை, எதிரிகளின் எண்ணிக்கை மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

அக்கா மகனுக்கு வந்த துன்பம் வேறு. அவன் 2018இல் வந்த புதிய காட் ஆஃப் வாரில் வளர்ந்தவன். அதில் கேமரா கிரேட்டோஸின் தோளுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை காட்சி எங்கும் துண்டிக்கப்படாமல் ஓடும். கருவியில் இருக்கும் வலது குச்சியால் எங்கே வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். பழையதில் கேமரா ஆடுபவன் கையில் இல்லை. உருவாக்கியவர்கள் எந்த மூலையில் வைத்தார்களோ அங்கிருந்துதான் காட்டும், வலது குச்சி உருண்டு விலகுவதற்கு. “மாமா, இந்தச் சுவத்துக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாக்கணும்,” என்று அவன் பழக்கதோஷத்தில் வலது குச்சியைத் தள்ள, கிரேட்டோஸ் குட்டிக்கரணம் போட்டுப் பள்ளத்தில் விழுந்து செத்தான். மறுபடியும் தள்ளினான், மறுபடியும் செத்தான். மூன்றாவது முறை கருவியைத் தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான்தான் அப்படி நகரும்படி செய்துவிட்டேன் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

அந்தக் கேமராவைப் பற்றி நான் அவனோடு நீண்ட நேரம் வாதாடினேன். பார்வையை ஆடுபவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டதனால்தான் அந்த விளையாட்டு காட்ட நினைத்ததைக் காட்ட முடிந்தது. ஏதென்ஸ் நகருக்குள் நுழையும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் மதில்மேல் ஓடிக்கொண்டிருக்கிறோம். தூரத்தில், வீடுகளைவிட உயரமாக, போர்த்தெய்வமான ஏரிஸ் நடந்து திரிந்து நெருப்பை வீசிக்கொண்டிருக்கிறான். அவன் நம்மைப் பார்க்கவில்லை, நாம் அவனுக்கு எறும்பு. இன்னும் பல மணி நேரம் கழித்து நாம் கொல்லப்போகிறவன் இவன்தான் என்று எந்தக் கதாபாத்திரமும் அங்கே வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேமராவை என் கையில் கொடுத்திருந்தால் நான் என் காலடியில் இருந்த பெட்டிகளைத் தேடிக்கொண்டிருப்பேன், ஏரிஸைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

அதைவிடப் பெரிது பாலைவனம். மணற்புயலுக்கு நடுவே நின்று கொம்பை ஊதினால், ஒரு மலை நகர்ந்து வருகிறது. மலை இல்லை, அது குரோனோஸ் என்ற பூதம். தெய்வங்களின் அரசன் சியூஸ் இட்ட தண்டனையாகப் பண்டோராவின் ஆலயத்தை முதுகில் சங்கிலியால் கட்டிச் சுமந்துகொண்டு மணலில் தவழ்ந்தே திரிகிறது. அதன் உடம்பில் மூன்று நாள் ஏறித்தான் கிரேட்டோஸ் ஆலயத்தின் வாசலை அடைகிறான் என்று கதைசொல்லியின் குரல் சொல்லும். பிளேஸ்டேஷன் 2இன் சிறிய நினைவகத்தில் இதையெல்லாம் அடக்கி, நடுவில் ‘காத்திருக்கவும்’ என்ற பலகை வராமல் ஓடவைத்ததுதான் அன்றைய தொழில்நுட்ப வித்தை. நீளமான நடைவழிகளிலும் கனமான கதவுகளிலும் நம்மை மெதுவாக நடத்திவிட்டு, அந்த நேரத்தில் அடுத்த இடத்தை வட்டிலிருந்து படித்துக்கொள்ளும். எங்களுக்கு இந்த வித்தை கீறல் விழுந்த வட்டின் புண்ணியத்தால் புரிந்தது. நடைவழியின் கடைசியில் கதவு திறக்காது; கிரேட்டோஸ் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான்; பெட்டிக்குள்ளிருந்து வட்டு தேய்கிற சத்தம் மட்டும் வரும். வட்டை எடுத்துச் சட்டையில் துடைத்துப் போட்டால் சில நாள் திறக்கும், சில நாள் திறக்காது.

ஆலயத்துக்குள் போனபின்தான் விளையாட்டு இளைக்கிறது. மொத்தம் பத்து, பன்னிரண்டு மணி நேரத்தில் பெரும்பங்கு அந்த ஒரே கட்டடத்துக்குள் கழிகிறது. பெட்டியைத் தள்ளு, விசையை இழு, மணி ஒலிப்பதற்குள் ஓடு. சில புதிர்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கடலில் ஹைட்ரா என்ற பல தலைப் பாம்போடு தொடங்கிய கதை, நடுவில் கவசம் பூட்டிய, காளைத்தலை கொண்ட ராட்சத மினோட்டார், கடைசியில் ஏரிஸ் என்று மூன்றே மூன்று பெரிய எதிரிகளோடு முடிந்துவிடுவதைச் சுட்டிக்காட்டாமல் விட முடியாது. முதல் கால்மணி நேரத்தில் அத்தனை பெரிய விருந்தைப் போட்டுவிட்டுப் பிறகு நாள்கணக்கில் கஞ்சி ஊற்றியதுபோல. 2007இல், பிளேஸ்டேஷன் 3 வந்த பிறகும் பழைய பெட்டிக்கே வெளியான இரண்டாம் பாகத்தில், அதை இயக்கிய கோரி பார்லாக் இந்தக் குறையை உணர்ந்து பெரிய எதிரிகளை வாரி இறைத்தார்.

இனி ஹேடீஸ் என்ற பாதாள உலகம். ஏரிஸ் வெகு தொலைவிலிருந்து எறிந்த தூண் கிரேட்டோஸைக் குத்திக் கொன்றுவிட, அவன் பாதாளத்தில் விழுந்து அங்கிருந்து ஏறி வர வேண்டும். நல்ல எண்ணம்தான். செய்த விதம்தான் மோசம். ஒற்றையடிப் பலகைகள், அவற்றில் சுழலும் வாள்கள்; அதற்குப் பிறகு உடம்பெல்லாம் வாள் முளைத்த, சுழன்றுகொண்டே இருக்கும் உயரமான தூண்கள். அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு, வாள் வரும்போது பக்கவாட்டில் நகர்ந்து, இடைவெளி கிடைக்கும்போது மேலே ஏற வேண்டும். ஒரு வாள் பட்டால் அடிவாரத்துக்கு வந்துவிடுவோம். இதுவரை பத்து மணி நேரம் என் கைக்கு இந்த விளையாட்டு கற்றுக்கொடுத்தது வீசவும் தடுக்கவும்தான். இங்கே அது எதுவும் செல்லாது. கேமரா தூரத்தில் நிற்பதால், எந்த வாள் தூணுக்கு முன்னால் வருகிறது, எது பின்னால் போகிறது என்று சரியாகத் தெரியாது. பலமுறை செத்தால், எளிய நிலைக்கு மாறிக்கொள்கிறாயா என்று ஒரு கேள்வி வரும். அந்த எளிமை சண்டைக்கு மட்டும்தான், தூண் தூணாகவே சுழலும்.

அந்தத் தூண்களில் கடையில் எனக்குப் போனது ஏழு சாயங்காலங்கள். மணிக்கு 2 வெள்ளி என்று கணக்குப் போட்டால் ஒரு குடும்பத்தின் ஒரு வாரத்து அரிசிக் காசு. மூன்றாவது நாள், நான் வைத்திருந்த சேமிப்பின்மேல் வேறு எவனோ தன் ஆட்டத்தை எழுதிவிட்டுப் போய்விட, மறுபடியும் பாலைவனத்திலிருந்து வந்தேன். கடைக்கார அங்கிள், ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் நினைவட்டை ஒன்றை 30 வெள்ளிக்கு விற்க முயன்றார். ஏழாம் நாள் தூணின் உச்சியைப் பிடித்தபோது பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள், எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஒரு மாதச் சீட்டு கட்டி முடித்த களைப்புத்தான் வந்தது. சிரமமான இடம் வேறு, நேர்மையற்ற இடம் வேறு. சிரமமான இடத்தில் தோற்றால் என் பிழை எது என்று எனக்குத் தெரியும், அடுத்தமுறை திருத்திக்கொள்வேன். இங்கே தோற்றபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் மணி எட்டரை ஆகிவிட்டது என்பதுதான்.

கதையைப் பொறுத்தவரை, அதைக் கிரேக்கக் கதையாக நான் அப்போது பார்க்கவில்லை. கிரேட்டோஸ் ஸ்பார்ட்டாவின் தளபதி. தோற்கும் போரில் உயிருக்குப் பயந்து, என்னைக் காப்பாற்று, என் உயிர் உனக்கு என்று ஏரிஸிடம் வாக்குக் கொடுக்கிறான். கத்தியும் சங்கிலியும் கிடைக்கின்றன. ஏரிஸுக்காக ஊர் ஊராக அழித்துக்கொண்டு போகிறவன், ஒரு நாள் ஒரு கோயிலுக்குள் வெறியோடு புகுந்து வெட்டித் தள்ளிவிட்டுப் பார்த்தால், கீழே கிடப்பவர்கள் அவன் மனைவியும் மகளும். ஊர்க் கிழவி சாபம் இடுகிறாள். எரிந்துபோன அவர்களின் சாம்பல் பறந்து வந்து அவன் தோலில் ஒட்டிக்கொள்கிறது. அவன் உடம்பு வெளுத்திருப்பது அதனால்தான். தோட்டத்து எல்லையில் அரிவாளோடு நிற்கும் முனீஸ்வரனுக்குப் படையல் போட்டு வளர்ந்த எங்களுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. கேட்டதைக் கொடுக்கிற சாமி, கொடுத்ததற்குக் கூலி கேட்கிற சாமி, வாக்குத் தவறினால் வீட்டுக்குள் வருகிற சாமி. சாம்பலைப் பூசிக்கொண்டால் பற்று விட்டது என்று பொருள்படும் மரபில் வந்தவனுக்கு, துடைத்தாலும் போகாமல் பற்றாகவே ஒட்டிக்கொண்ட சாம்பல் எவ்வளவு கொடுமை என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. பின்னால் நின்று பார்த்த ஓர் அண்ணன் அந்தக் காட்சியில் “ஐயோ, வீட்டுப் பாவம்,” என்று மெல்லச் சொன்னது நினைவில் இருக்கிறது.

ஆனால் அந்தக் கதை தன் நாயகனின் பாவத்தை எவ்வளவு கனமாகச் சொல்கிறதோ அவ்வளவு இலேசாக அவனை மறுபடியும் பாவம் செய்யவிடுகிறது. ஆலயத்துக்குள் ஓரிடத்தில் கூண்டில் அடைபட்ட ஒரு சிப்பாய் இருக்கிறான். வழி திறக்க ஒரு மனித உயிரைப் பலி கேட்கிறார்கள். அவன் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சக் கெஞ்ச, அந்தக் கூண்டை நாமே சரிவில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போய் நெருப்புக்குக் கொடுக்க வேண்டும். வேறு வழி வைக்கப்படவில்லை. தள்ளாவிட்டால் ஆட்டம் அங்கேயே நிற்கும். அன்று கடையில் நான் தள்ளினேன், பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்திருப்பேன். இந்தமுறை அக்கா மகன் கையில் கருவி இருந்தது. அவன் அறையின் நாலு மூலையிலும் வேறு விசை இருக்கிறதா என்று தேடினான், கால்மணி நேரம் தேடினான். இல்லை என்று நான் முன்பே சொல்லியிருக்கலாம், ஏனோ சொல்லவில்லை.

அந்தக் காட்சியைக் குறை என்பதா, துணிச்சல் என்பதா என்று எனக்குள் பல நாள் வழக்கு நடந்தது. கொடுமையைக் காட்டுவது குறையல்ல. காட்டிய பிறகு விளையாட்டு அதை மறந்துவிடுவதுதான் குறை. இதே விளையாட்டு மறக்காத இடமும் ஒன்று உண்டு என்பதால் இது இன்னும் உறுத்துகிறது. தொடக்கத்தில் ஹைட்ரா விழுங்கிய கப்பல் தலைவன் அதன் தொண்டையில் தொங்கிக்கொண்டிருக்கிறான். காப்பாற்ற வந்தாயா என்று நன்றி சொல்கிறவனின் கழுத்திலிருந்து சாவியை மட்டும் அறுத்துக்கொண்டு கிரேட்டோஸ் அவனை விழவிடுகிறான். பல மணி நேரம் கழித்துப் பாதாளத்தில் விழும்போது, கிரேட்டோஸ் பற்றிக்கொள்வது அதே கப்பல் தலைவனின் உடம்பைத்தான்; “ஐயோ, மறுபடியும் நீயா!” என்று அவன் அலறுகிறான். சிரிப்பும் குற்றவுணர்வும் ஒன்றாக வரும் அந்த இடம் அருமையான எழுத்து. கூண்டுக்குள் இருந்த சிப்பாய்க்கு அப்படி ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. எரிந்தான், கதவு திறந்தது, அடுத்த அறையில் சிவப்பு உருண்டைப் பெட்டி.

பெண்களைக் காட்டும் விதத்தைப் பற்றி நிறையப் பேச விருப்பமில்லை. கப்பல் அறையில் பொத்தானை அழுத்திப் பரிசு வாங்கும் அந்தப் படுக்கைக் காட்சி, வயதுக்கு வந்தவர்களுக்கான விளையாட்டு என்பதைக் காட்டுவதற்காகச் சேர்த்த வயதுக்கு வராத நகைச்சுவை. அக்கா மகன் வாசல் கதவைப் பார்த்துவிட்டு ஒலியைக் குறைத்தான், அவன் அம்மா அடுக்களையில் இருந்தாள்.

நான் எது நிற்கும் என்று நினைத்தேனோ அது நிற்கவில்லை என்று சொன்னேன். ஹைட்ராவைத்தான் நினைத்திருந்தேன். இன்றைக்குப் பார்த்தால் அந்தத் தலைகள் நாலைந்து அசைவுகளையே திரும்பத் திரும்பச் செய்கின்றன, கடலில் அலையே சரியாக இல்லை. நின்றது வட்டப் பொத்தான்.

வட்டம் என்றால் பிடி. சாதாரணச் சிப்பாயின் அருகே போய் வட்டத்தை அழுத்தினால் தூக்கிப் பிடித்து இரண்டாகக் கிழிப்பான். பெரிய எதிரி அடிவாங்கித் தள்ளாடும்போது அதன் தலைக்கு மேல் ஒரு வட்டம் மின்னும். அழுத்தினால், திரையில் வரும் பொத்தான்களை வரிசையாக அழுத்திக் கொன்று முடிக்கலாம். மினோட்டாரை மல்லாத்தி, வட்டத்தைத் தட்டத் தட்டக் கத்தி அதன் வாய்க்குள் இறங்கும். பாம்புக் கூந்தல்காரி மெதூசாவின் தலையைக் குச்சியைச் சுழற்றித் திருகிப் பறிக்க வேண்டும். இந்த முறையைப் பின்னால் வந்த எத்தனையோ விளையாட்டுகள் எடுத்துக்கொண்டு சலிக்க வைத்துவிட்டன என்பது உண்மை. இதிலேயேகூட நூறாவது மினோட்டாருக்கு முன்பே சலித்துவிடும். கடையில் இருந்த கருவிகள் எல்லாவற்றிலும் வட்டக் குறி அழிந்துபோயிருந்தது. விரல் மூளையைக் கேட்காமலே அங்கே போய் நிற்கும்: வட்டம் என்றால் கிழி.

அக்கா மகனுக்கும் பத்து நாளில் அந்த விரல் வந்துவிட்டது. அவனுக்குத் தெரிந்த புதிய கிரேட்டோஸ், மகனின் தோளருகே கையைக் கொண்டுபோய் வைக்கமுடியாமல் திரும்ப எடுத்துக்கொள்ளும் தகப்பன். இந்தப் பழைய கிரேட்டோஸுக்கு அந்தத் தயக்கம் எதுவும் இல்லை என்பது அவனுக்கு முதலில் அதிர்ச்சியாகவும் பிறகு விளையாட்டாகவும் இருந்தது. கடைசி இரவு, மழை பெய்துகொண்டிருந்தது, ஏரிஸோடு சண்டை. முதல் சுற்றில் அடிவாங்கிய ஏரிஸ் கிரேட்டோஸை வேறோர் இடத்துக்கு இழுத்துப் போடுகிறான். அங்கே அவன் மனைவியும் மகளும் உயிரோடு நிற்கிறார்கள். நான்கு பக்கமும் கிரேட்டோஸ்கள், அதே சாம்பல் உடம்பு, அதே சங்கிலி, அவர்களை வெட்ட ஓடி வருகிறார்கள். இந்தமுறை காப்பாற்ற வேண்டும்.

அவன் சதுரம், சதுரம், முக்கோணம் என்று வெளுத்து வாங்கினான். ஒருவனை வெட்டினால் இருவர் வந்தார்கள். குடும்பத்தின் உயிர்க்கோடு குறைந்துகொண்டே போய்த் தீர்ந்தது. மறுபடியும் தொடங்கினான், மறுபடியும் தீர்ந்தது. சண்டை மும்முரத்தில் வேறெதையும் அவன் பார்க்கவில்லை. மூன்றாவது முறை, கோடு பாதிக்குக் கீழே வந்தபோது நான் சொன்னேன்: “அவங்க கிட்டப் போயி வட்டத்த அழுத்து.”

கிட்டப் போனான். கட்டைவிரல் பொத்தானுக்கு மேல் வந்து நின்றது. அழுத்தவில்லை.

“மாமா, அழுத்துனா பிச்சிருவானே?”

“அழுத்துடா.”

அழுத்தினான். கிரேட்டோஸ் கத்தியை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் அவர்களை அணைத்துக்கொண்டான். அவனுடைய பச்சைக்கோடு இறங்க இறங்க அவர்களுடைய கோடு ஏறியது. பின்னால் சங்கிலிகள் சுழன்று வரும் சத்தம் கேட்டது. அக்கா மகன் விரலை எடுக்கவே இல்லை.